நாத்தனாரின் போப்ரெசீத்தா

ஜனவரி 3

இன்றும் சொல்லிவிட்டாள். சந்தையில், வெங்காயக் கூடை முன்னால், நாலு பேர் கேட்க. "போப்ரெசீத்தா நம்ம ஹசிந்தா! மூட்டுவலியோட தனியா சுமந்துட்டுப் போறா பாரு." செத்துப்போன என் புருஷனின் அக்கா எதெல்வீனாதான், வேறு யார்?

அந்தச் சொல்லில் தப்பே கிடையாது. 'ஐயோ பாவம்' என்பதற்குக் கொஞ்சம் சர்க்கரை தடவினால் போப்ரெசீத்தா. மழையில் நனைந்த கோழிக்குச் சொல்வோம். பல் முளைத்து அழும் பிள்ளைக்குச் சொல்வோம். செத்தவளுக்கும் சொல்வோம். ஆனால் என்னைச் சொல்லும்போது அவள் தலையைச் சாய்த்துக் கீழுதட்டைப் பிதுக்குவாள். முதல் தடவை சொன்னது என் கல்யாணத்தன்று, என் செருப்பைப் பார்த்து. இரவல் செருப்பு, ஓர் அளவு பெரிது. நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள்.

ஒரே ஒரு தடவை நான் அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்க.

ஜனவரி 6

மாட்டினாள்!

மூன்று ராஜாக்கள் பண்டிகை ரொட்டியை வெட்டினோம். உள்ளே வைத்துச் சுட்ட குழந்தை யேசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர்தானே பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளமாவைச் சருகில் பொதிந்து தமால் அவிக்க வேண்டும்? பொம்மை யாருக்கும் வரவில்லை. "பேக்கரிக்காரன் ஏமாத்திட்டான்" என்றான் என் மகன். நான் பார்த்தேன். எதெல்வீனா கடித்தாள், நிறுத்தினாள், கன்னத்துக்குள் ஒதுக்கினாள். அப்புறம் காப்பி வேண்டாமாம், பேச்சும் இல்லை. அவளா பேசாமல் இருப்பவள்?

ஜனவரி 7

யாரிடமும் சொல்லவில்லை. விருந்தன்று எல்லோரும் வெறுந்தட்டோடு உட்காரட்டும். அப்போது சொல்வேன்: "மாவு பிசையப் பயந்து யேசுவையே முழுங்கப் பார்த்தா, போப்ரெசீத்தா!" தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது? கண்ணாடி முன் பழகுகிறேன்.

ஜனவரி 19

இடப்பக்கம்.

பிப்ரவரி 1

காலையில் பின்வாசல் வழியாக வந்தாள். பொம்மையை என் மேஜைமேல் வைத்தாள்.

"நீ பார்த்தேன்னு எனக்குத் தெரியும்டி."

"பார்த்தேன்."

கைகளை நீட்டினாள். விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிக் கிடந்தன. "மாவு பிசைய வரல. கரண்டிகூட நிக்க மாட்டேங்குது. யாருக்கும் தெரியாது." கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நாளைக்கு ஊரே என்னைப் போப்ரெசீத்தான்னு சொல்லட்டும். உன் வாயால மட்டும் சொல்லிடாத, ஹசிந்தா."

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தலைகூடச் சாய்ந்துவிட்டது. அப்புறம் — எனக்கே தெரியவில்லை, ஏன் அப்படிச் சொன்னேன்?

"உங்க தமால் எப்பவும் வறட்டுத் தமால்தான், அண்ணி. பன்றிக்கொழுப்பு சேர்க்க மனசே வராது உங்களுக்கு. உக்காருங்க. சோளச் சருகைத் தண்ணில போடுங்க."

"என் தமாலையா சொல்ற? திமிரப் பாரு!"

உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 2

பொம்மை தனக்குத்தான் வந்ததாகவும், வேடிக்கைக்கு ஒளித்து வைத்ததாகவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். "எதெல்வீனா அத்தை அவிச்சதுலயே இதுதான் ருசி" என்று என் மகன் ஐந்து தின்றான். மாவு பிசைந்தது நான்; கைதட்டல் அவளுக்கு.

அவளுக்கோ ஒரு வாய் இறங்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், தலையை இடப்பக்கம் சாய்த்து, சிரித்துக்கொண்டே இன்னொன்றைச் சருகு உரித்து அவள் தட்டில் வைத்தேன்.