வாசலுக்கு இரண்டு குலைவாழை

அன்புத் தங்கைக்கு,

உன் மகளின் கலியாண வாசலில் கட்டவென்று நான் வளர்த்த வாழை இரண்டும் இந்தக் குளிர்காலத்தை வெளியிலேயே நின்று தாண்டிவிட்டன. ஓக்லாந்தில் இப்படியோர் உறைபனியை வெள்ளைக்காரர்களே கண்டதில்லையாம். பக்கத்து வீட்டு எலுமிச்சை கருகிப்போனது. என் கம்பளிகளை வாழைக்குச் சுற்றிவிட்டு, நான் கோட்டோடு படுத்தேன். எல்லர்ஸ்லியிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்து குலைகளைப் பார்த்து வாயைப் பிளந்தது. ஒரு துரை என் கையைப் பிடித்து அழுதே விட்டார்.

நேற்று உன் புருஷன் வான் வண்டியோடு வந்தார்.

"மச்சான், மரம் மட்டும் போதும். நீ வந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால அளந்து விடுவாய் எண்டு உன்ர தங்கச்சி பயப்பிடுறா."

தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டையும் வெட்டி, இலை கிழியாமல் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறட்டும். எனக்கென்ன, அன்றைக்கு ஆயிரம் வேலை!

இவ்வளவு பெரிய குலையை இந்த ஊரில் ஆர் வளர்த்தது என்று மாப்பிள்ளை வீட்டார் கட்டாயம் கேட்பார்கள். கடையில் வாங்கினோம் என்று சொல். நம் குடும்பத்தில் இந்த ஒரு பொய்யையாவது நீ சொல்.

உன் கூடப்பிறந்த ஒரே அண்ணன்