'டயர்டு' என்ற சொல்லைக் கைவிட்டது

03-06-2024, திங்கள்

இன்று காலை எட்டே காலுக்கு, இரண்டு டீ குடித்து எல்லாப் பக்கமும் யோசித்தபின், 'டயர்டு' என்ற சொல்லை ஆயுள் முழுக்கக் கைவிடுவதென்று தீர்மானித்தேன். சாட்சி: நர்ஸ் கெஸியா. கூடலூர்ப் பெண், லண்டன் போவதற்காக இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"டயர்டுன்னு எழுதினா மார்க்கு கிட்டாது சாரே. அதுக்கு நல்ல நல்ல வார்த்தை உண்டு" என்று ஒரு பட்டியலை நீட்டினாள். பத்துச் சொற்கள். எல்லாம், பார்க்க வேண்டியதற்கு மேல் பார்த்து அலுத்தவர்களுக்கானவை. மஞ்சூருக்கு அப்பால் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருடம் மருந்தாளராக இருப்பவனுக்குப் பத்து போதுமா, தெரியவில்லை.

முதல் சொல் 'ஜேடட்'. ஓட்டித் தேய்ந்த கிழக் குதிரையிலிருந்து வந்ததாம். ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். முதுகில் யார் ஏறினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொருத்தமான சொல்.

05-06

சுகந்தி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், வயது முப்பத்தொன்று. காதுக்குள்ளிருந்து ரத்தம். உதட்டில் மூன்று தையல். அவள் புருஷன் வினோத் குடிக்கிறவன் அல்ல, நிதானமாக அடிப்பான்.

பதிவேட்டிலும் லீவுச் சீட்டிலும் 'ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் வழுக்கி விழுந்தது' என்று எழுதினேன். இது என் கண்டுபிடிப்பு. வேலையில் பட்ட காயத்துக்குச் சம்பளத்தோடு லீவு. வீட்டில் பட்டதற்குக் கிடையாது. டாக்டர் வாரம் ஒருமுறை வந்து, நான் எழுதியதன் கீழெல்லாம் கையெழுத்திடுவார். இந்த வருடம் சுகந்தி அங்கே வழுக்குவது நான்காவது முறை. இவ்வளவு வழுக்கும் காடு நீலகிரியில் வேறில்லை. நான் இரக்கமுள்ளவன்.

19-06

'பிளாசே.' பிரெஞ்சுச் சரக்கு. விருந்து தின்று தின்று நாக்கு மரத்தவர்களுக்கு.

சுகந்தி. இரண்டு விரல், கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். வழுக்கி விழுந்தது என்றே எழுதினேன். காட்டில் கதவு கிடையாது.

04-07

மழை. 'காலஸ்.' தோல் காய்த்துப்போவதற்கும் மனம் காய்த்துப்போவதற்கும் ஒரே வேர். இது திட்டு மாதிரி இருக்கிறதே என்றேன்.

"ஆமா சாரே, இது நல்ல வார்த்தை இல்ல. மத்தவங்களைப் பத்தி எழுதறதுக்கு."

சுகந்தி, ஆறாவது முறை. விலா.

22-07

சுகந்தி. செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து முதுகில் அடித்திருக்கிறான். கூர் படவில்லை. கழுத்தில் விரல் தடம், எண்ணலாம்.

"சார், இந்தத் தடவ உள்ளத எழுதுங்க."

"உள்ளதுன்னா?"

"கழுத்த நெரிச்சான். அடுத்த தடவ விட மாட்டேன்னு சொல்றான். வாயால சொன்னா, குடும்ப விஷயம் போம்மான்னு ஸ்டேஷன்ல தொரத்துறாங்க. நீங்க எழுதினாத்தான் எடுப்பாங்க."

பொறுமையாக விளக்கினேன். உண்மையை எழுதினால் லீவு கிடைக்காது. பழைய பதிவுகளைப் பற்றி விசாரணை வரும். "ஆறு தடவ வழுக்கினவ, ஏழாவது தடவ மட்டும் வழுக்கலைன்னா யாரும்மா நம்புவா?"

"அந்த ஆறையும் எழுதினது நானுங்களா?"

கெஸியா பஞ்சைக் கீழே வைத்தாள். "எழுதிக் குடுங்க சாரே."

எழுதினேன். வழுக்கி விழுந்தது. நான்கு நாள் லீவு.

சுகந்தி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "லீவுன்னா ஊட்லதானே சார் இருக்கோணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

23-07

சொல் எதுவும் படிக்கவில்லை.

26-07

சுகந்தி செத்துப்போனாள்.

காலை ஆறரைக்கு இசக்கி மேஸ்திரி ஓடி வந்தார். ஒன்பதாம் நம்பர் காட்டு வடிகாலில், முகம் தண்ணீருக்குள். பின்மண்டை இல்லை. இல்லை என்றால் — கை போட்டுத் தூக்கினேன், உள்ளே போய்விட்டது.

நேற்றோடு லீவு முடிந்தது. வேலை தொடங்கும் முன்னே, கூடைகூட இல்லாமல், காட்டுக்கு ஏன் போனாள்? ஏன்டா கேக்கற? போனாளா, கொண்டுபோய்ப் போட்டானா? எத்தனையோ காடு இருக்கு. எங்கே போடணும்னு அவனுக்கு யார் சொன்னது? சீட்டுலதான் இருக்கே. ஏழு சீட்டு. என் கையெழுத்து குண்டு குண்டா, எவனுக்கும் புரியும். நான்தான் — நான்தானே.

29-07

எஸ்.ஐ. வந்து பதிவேட்டைக் கேட்டார். ஏழு பதிவையும் படித்தார்.

"இந்தம்மாவுக்கு நடக்கவே தெரியாதுங்களா?"

வாயைத் திறந்தேன். அதற்குள், "எழுத்து உங்களுதுதானே?" என்றார்.

"ஆமாங்க."

கெஸியா நடந்ததையெல்லாம் சொன்னாள். அடித்தது, நெரித்தது, கேட்டது. "அப்புறம் ஏம்மா இப்படி எழுதியிருக்கு?" என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மருந்துப் பொடி நிறுக்கும் தராசு. இங்கே யாரும் உபயோகிப்பதில்லை.

12-08

கெஸியா வேலையை விட்டுப் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை. பட்டியலில் ஏழு சொற்கள் பாக்கி.

விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

02-09, திங்கள்

வேலையில் இறந்தவர் இடத்தைக் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுப்பது எஸ்டேட் வழக்கம். உடல் தகுதிச் சான்றுக்கு வினோத் வந்தான். "வணக்கமுங்க சார்" என்றான். உயரம் ஐந்தடி ஏழு. எடை அறுபத்தெட்டு. பார்வை சரி. இரண்டு கைகளின் பிடியும் வலு. எழுதிக் கொடுத்தேன், டாக்டர் கையெழுத்திட்டார். நாளை முதல் வேலை.