நான் வாசித்த பேப்பரும் சுடலையின் ரேடியோவும்

பிப்ரவரி 1967, வெள்ளி. தென்காசி.

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. வழக்கம்போல் இன்று காலையில் டீக்கடையில் எல்லாருக்குமாகப் பேப்பரை உரக்க வாசித்தேன். ஓட்டு எண்ணிக்கையில் எங்கள் வேட்பாளர்தான் முன்னணி என்று அழுத்திச் சொன்னேன். ஒருவரும் நிமிரவில்லை.

கடைக்காரர் சுடலை புது டிரான்சிஸ்டரைக் காட்டினார்.

"அண்ணாச்சி, அது நேத்து சங்கதி. ஒங்க ஆளு தோத்துட்டாருன்னு ரேடியோ ராத்திரியே சொல்லிட்டுது."

பேப்பரில் வரும் எதிராளியின் பேச்சை நான் ஒருநாளும் வாசித்ததில்லை, தாண்டிப் போய்விடுவேன். என் வாயில் வருவதுதான் இவர்களுக்குச் செய்தி என்றிருந்தேன்.

"அப்பம் நீங்கள்லாம் யாருக்குய்யா ஓட்டுப் போட்டிய?" என்றேன்.

சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். நீங்க வாசிங்க அண்ணாச்சி, ஒங்க கொரலு கேக்க நல்லாருக்கு" என்றார் சுடலை.

வாசித்துத் தொலைத்தேன், கடைசிப் பக்கத்துச் சினிமா விளம்பரம் வரைக்கும்.