சதுர வாய்க் கேபிள்

மார்ச் 3, திங்கள்

செக்ஷனுக்குப் புது பிரிண்டர் வந்துவிட்டது. பெட்டியில் கேபிள் மட்டும் இல்லை. வைஃபைக்குப் பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி இல்லை. எங்கள் கோப்புகளைத் திருட வெளிநாடுகள் வரிசையில் நிற்கின்றன போலும். பழைய பிரிண்டரை வெள்ளிக்கிழமையே தூக்கிப் போய்விட்டார்கள். அதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டோர்ஸ் ராவத் ஒரு கேபிள் கொண்டுவந்தார். டிவியில் சொருகுவது. ஆகாது என்றேன். கேபிள் என்றால் கேபிள்தானே மேடம் என்று இந்தியில் வருத்தப்பட்டார். மாலையில் இன்னொன்று. இரண்டு முனையும் தட்டை. பிரிண்டருக்கு இருப்பதோ சதுர வாய். வேண்டுமானால் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு முடிச்சுப் போட்டு வைக்கலாம்.

பக்கத்து சீட் லீலாவதி அக்கா சிரிக்கவில்லை. டெல்லியிலிருந்து மதுரைக்கு மாற்றல் கிடைத்த அவரை இங்கிருந்து விடுவிக்கும் ஆர்டர் அச்சாக வேண்டும். அங்கே கணவர் பக்கவாதம் வந்து கிடக்கிறார், பேச்சும் போய்விட்டது. வரும் திங்களன்று அங்கே வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

அடுத்த செக்ஷனில் ஒரே ஒரு பக்கம் அச்செடுத்துத் தரக் கேட்டுப் பார்த்தேன். முடியாதாம், டோனர் மைச் செலவு அவர்கள் கணக்கில் வருகிறதாம்.

மார்ச் 5, புதன்

எங்கள் அண்டர் செக்ரட்டரி வேதாந்தம் சார் விஷயத்தைக் கையில் எடுத்தார். சதுர முனைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டி ஒரு குறிப்பு வைக்கச் சொன்னார். டைப் செய்தேன்.

"பிரிண்ட் எடுத்துக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

நான் அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

அக்காவுக்குக் கண் வீங்கியிருந்தது. கேட்டால் தூசியாம். என்ன ஆபீஸ் இது? ஒரு முழ வயருக்காக ஒரு மனுஷி அழணுமா?

ஆபீஸ் விட்டதும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நேரு பிளேஸ் கடைகளுக்குப் போனேன். பிரிண்டரின் முதுகை போனில் படம் எடுத்திருந்தேன். கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: மெஷின் எவ்வளவு தூரம்? பக்கத்திலேயே என்றேன். அப்படியானால் நீளம் எதற்கு என்று குட்டையாக ஒன்று கொடுத்தார். குறிப்பு எதுவும் கேட்கவில்லை. பாவம், நிர்வாகம் தெரியாதவர்.

மார்ச் 7, வெள்ளி

சொருகினேன். ஆர்டர் வந்தது. வேதாந்தம் சார் படித்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, மறுபடி எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அரசு இயந்திரத்தில் சொந்தக் கேபிளைப் பொருத்தியதற்கு என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்.

"எனக்காகவா அலைஞ்ச?" என்றார் அக்கா.

"பிரிண்டருக்காகக்கா."

என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை — நானும் தூசி என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மார்ச் 8, சனி

ஏர்போர்ட்டில் அக்காவை விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது ஆட்டோவில் இடம் தாராளம்.

மார்ச் 26, புதன்

அக்காவின் வேலையும் என் மேசைக்கே வந்துவிட்டது. தற்காலிகமாகத்தான் என்கிறார் வேதாந்தம் சார். அவர் தற்காலிகத்தில் ஆட்கள் ஓய்வே பெற்றிருக்கிறார்கள்.

மதியம் டப்பாவைத் திறந்தபோது அக்காவின் போன். கணவர் இன்று காலை வாய் திறந்தாராம்.

"என்னக்கா சொன்னார்?"

"என் பேரைத்தான். 'லீ' வரைக்கும் வந்துச்சு. மிச்சம் மெதுவா வரட்டும்."