ஆளில்லை என்று எழுதிய வீடு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் சின்னவன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இருமல் மட்டும் உண்டு. வீடு இடிக்கிற கம்பெனியில் அது சம்பளத்தோடு சேர்ந்தே வரும்.

போன வாரம் இடிப்புச் செலவைக் கணக்கிட ஒரு வீட்டை அளக்கப் போனேன். தாளில் 'குடியிருப்போர்: யாரும் இல்லை' என்றிருந்தது. மாடி அறையைத் திறந்தால், ஒரு பெரியவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க தம்பி, இப்பதான் கூட்டினேன்" என்றார். கூட வந்த மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பியதும், நம் வீட்டை இடிக்க என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டு, நான் போட்டு அனுப்பிய கணக்கின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஆள் கூலி, இடிபாடு அள்ளும் லாரி, கதவு ஜன்னல் விற்றால் கழிக்க வேண்டியது, ஒன்றையும் விடவில்லை. மேலே, கை பழகிய பழக்கத்தில், அதே வரியை எழுதியிருக்கிறேன். யாரும் இல்லை. நீ எங்கே தங்குவாய் என்பதற்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. அண்ணனும் அதைக் கேட்கவில்லை.

வீட்டை இடிக்கலாமா என்று போனில் கேட்டால் "உங்க இஷ்டம்ப்பா" என்பாய். அதனால்தான் கடிதம். உன் மனதில் இருப்பதைக் கைப்பட ஒரு வரி எழுதிப் போடு. என் பழைய போர்வையையும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். அண்ணன் அளக்க ஆள் கூட்டி வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்.

உன் சின்னவன்