கடுக்காய் மூட்டையோடு ஏரி தாண்டியது

79 தை 10, செவ்வாய்
பனி. உச்சிவேளை வரை ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. கடுக்காய் உதிர்க்கக் கரையில் ஆறு நாள் தங்கல். தார்ப்பாய் கட்டியாயிற்று. கொண்டுவந்தது: கேழ்வரகு மாவு, உப்பு, மிளகாய், கருவாடு, முட்டிக்குத் தைலம். தீப்பெட்டியை மறந்தது மருமகள் காசி. பழி என்மேல்.

மரங்கள் அக்கரையில். சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரம். போன வருசம் நடந்தேன், இந்த வருசம் முட்டி விடவில்லை. இருப்பது ஒரே பரிசல், கரையில் மீன் பிடிக்கிற தீர்த்தனுடையது. அடுப்புக்குத் தீயும் அவன் கொடுத்ததுதான்.

மகன் கோவிந்தன் சொல்கிறான்: "எம்மா, உன்னை ஏத்தி எறக்கவே ஒரு ஆளு வேணும். அடுத்த வருசம் வூட்லயே குந்து."

"பரிசலை நானே தள்ளிக்கினு போனா?"

"போய் ஒரு மூட்டை நனையாம கொண்டாந்துடு. அப்புறம் உன்னை யாரு கேக்கறா."

காய் நனைந்தால் கறுக்கும், வியாபாரி தொடமாட்டான். தெரிந்துதான் சொல்கிறான். காசி சிரித்தது கேட்டது. எழுதி வைக்கிறேன்.

தை 11, புதன்
வெயில். பரிசலில் உட்கார்ந்து, களி கிண்டுகிற பழக்கத்தில் துடுப்பைச் சுழற்றிவிட்டேன். நின்ற இடத்திலேயே ஏழு சுற்று.

கரையிலிருந்து காசி: "அத்தே, பதம் வந்துச்சா?"

கண்ணை மூடி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

தீர்த்தன்: "பெரிம்மா, களை கொத்தற மாதிரி. முன்னால போடுங்க, உங்க பக்கம் இழுங்க."

அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன. ஐம்பது வருசம் கொத்துப் பிடித்த கை. சாயங்காலம் பாதி ஏரி வரை நேராகப் போய்த் திரும்பினேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தைலம் இன்று கைக்கு.

தை 12, வியாழன்
தீர்த்தன் ஜமுனாமரத்தூர் போனான். "ஓட்டை போட்றாதீங்க பெரிம்மா" என்று பரிசலை விட்டுப்போனான். கோவிந்தன் முகத்தில் சிரிப்பு இல்லை. "வாணாம்மா, காத்து அடிக்குது." முந்தாநாள் எங்கே போயிற்று இந்தக் கரிசனம். தள்ளிவிட்டேன்.

நடு ஏரியில் காற்று. பரிசலை ஒரு பாறை மறைவுக்குக் கொண்டுபோய் ஒதுக்கியது. பயந்தேன், இங்கே மட்டும் எழுதுகிறேன். காற்று அடங்கும் வரை கோரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அக்கரை. நேற்று கோவிந்தன் உதிர்த்துக் கட்டிவைத்த மூட்டையை உருட்டி ஏற்றி, என் முந்தானையால் மூடித் திரும்பினேன். சேலை தொப்பல். காய் நனையவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

இக்கரையில் காசி மட்டும். அழுத கண்.

"அவன் எங்க?"

"உங்களைக் காணோம்னு ஏரியைச் சுத்தி ஓடிட்டாரு, அத்தே."

அதே நாள், சாயங்காலம்
அக்கரையில் கோவிந்தன் துண்டை வீசுகிறான். திரும்பி நடக்கத் தெம்பில்லையாம். "எம்மா, வந்து ஏத்திக்கினு போ."

ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது.

அடுப்பில் களி. வெந்ததும் இறக்கிவிட்டுப் போகிறேன். குந்தட்டும்.