அண்ணன் மகளின் உதட்டுப் புள்ளிகள்

பிப்ரவரி 11, 2025

மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. போன வருஷம் என் இதயத்திலிருந்து எடுத்த கட்டி தற்செயலாக வந்ததில்லையாம். டாக்டர் ரஷீதா பொறுமையாகச் சொன்னார்: "செல்லுக்குள்ள வேலையைத் தூண்டிவிடற நொதி ஒண்ணு இருக்குங்க. அதை அடக்கி வைக்கிற பகுதியை உண்டாக்குற மரபணுதான் உங்களுக்குப் பழுது. அதான் கட்டி வளருது." பெயர் பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ. என் உதட்டுக் கரும்புள்ளிகளும் அதன் வேலைதான். ரத்த சொந்தங்கள் எல்லோரும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பார்த்துவிட வேண்டுமாம்.

அப்பா பொன்மலைக்கு வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளோடு விழுந்து இறந்தார். மாரடைப்பு என்றார்கள். அதுவும் இந்தக் கட்டிதானா என்று இனி யாரைக் கேட்பது?

அண்ணன் மகள் கலைமதி — அவள் உதட்டிலும் அதே புள்ளிகள்.

பிப்ரவரி 12

காட்டூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கலைமதிக்கு நிச்சயதார்த்தம் வைக்கப் போகிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"நீ வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுரும். கொஞ்சம் அடங்கு பானு."

"சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றார் அண்ணி.

"வேண்டிக்குங்க அண்ணி. எக்கோவும் எடுங்க."

டீகூடத் தரவில்லை.

பிப்ரவரி 13

அடங்கணுமாம். நான் ஏன் அடங்கணும்? நெஞ்சப் பொளந்து தையல் போட்டுக்கிட்டவ நான். கல்யாணம் நின்னா நிக்கட்டும் — புள்ள உசுரு?

பிப்ரவரி 15

கலைமதியைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பின் மேல்நுனியைக் காட்டினேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"திங்கக்கிழமை லீவு போடறேன். நீங்க கூட வாங்க."

பிப்ரவரி 17

கலைமதிக்கும் கட்டி இருக்கிறது. இதயத்தின் இடப்பக்கம். சீக்கிரம் எடுத்துவிட வேண்டுமாம்.

"இனி என் வீட்டுப் படி ஏறாதே" என்று அண்ணன் போனில் கத்தினார்.

"ஏறல. ஆபரேஷனுக்கு அவளே கையெழுத்துப் போட்டுக்குவா."

மார்ச் 6

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கலைமதி வார்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். "நல்லதாப் போச்சு அத்தை. எப்படி இருக்கேன்னு ஒரு போன் பண்ணல அவரு."

அண்ணன் வராந்தாவில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மார்ச் 24

காலையில் அண்ணன் போன்.

"எக்கோவுக்கு டோக்கன் போட்டுட்டு உக்காந்திருக்கேன். எனக்குத்தான். பயமா இருக்கு பானு."

கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டோ வந்துவிட்டது, போகிறேன்.